வகுப்பறை வானிலைத் திட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் நம் தொடக்கப்பள்ளி வகுப்பு ஒன்றும் சென்னையில் ஒரு வகுப்பும் சேர்ந்து, இணையத்தில் பொது அட்டவணை ஒன்றில் தினமும் வெப்பநிலையும் மழையளவும் பதிகின்றன என்று வையுங்கள். பிள்ளைகள் ஆசை ஆசையாகச் செய்வார்கள். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே முறையில் அளக்காவிட்டால் அந்த எண்களை ஒப்பிடவே முடியாது. பல திட்டங்கள் சறுக்குவது இங்கேதான்.

முதல் தவறு வெப்பமானியை வைக்கும் இடம். சன்னல் கம்பியில் கட்டிவிடுகிறார்கள். பக்கத்திலேயே ஏர்கான் வெளிப்பெட்டி அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். இல்லையென்றால் வெயில் நேரே விழும் சிமெண்டுத் தரை. அட்டவணையில் 41 டிகிரி என்று ஏறிவிடும். சிங்கப்பூரின் அதிகாரபூர்வ உச்சமே 37 டிகிரிதான். 1983 ஏப்ரலில் தெங்காவில் ஒரு முறை, 2023 மே மாதம் அங் மோ கியோவில் இன்னொரு முறை. 41 எழுதிய பிள்ளையைத் திட்டாதீர்கள், வெயிலில் காய்ந்த வெப்பமானிக் குழாயின் சூட்டைச் சரியாகத்தான் படித்திருக்கிறது. நமக்கு வேண்டியது காற்றின் சூடு. புல்தரைக்கு மேல் ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் வெப்பமானி இருக்கவேண்டும்.

அடுத்தது நேரம். “பன்னிரண்டு மணிக்கு அளப்போம்” என்று இரண்டு ஆசிரியர்களும் பேசிக்கொண்டால் போதாது. 1982ல் நம் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்ததால், இங்கே சூரியன் உச்சிக்கு வரும்போது மணி ஒன்றை ஒட்டியிருக்கும். சென்னையில் பன்னிரண்டு தாண்டிச் சில நிமிடங்களிலேயே உச்சி வந்துவிடும். பல நாட்டுப் பள்ளிகள் பங்கேற்கும் ‘குளோப்’ திட்டத்தில் அந்தந்த ஊரின் சூரிய உச்சியை ஒட்டி ஒரு மணி நேரத்துக்குள் அளக்கச் சொல்கிறார்கள். அதையே பின்பற்றலாம்.

மழையில்லாத நாளில் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது. காலி என்றால் யாரும் பார்க்கவில்லை, 0 என்றால் பார்த்தோம், மழையில்லை. திங்கட்கிழமை மழைமானிக் குடுவையில் இருப்பது வார இறுதி மழையும் சேர்ந்தது. அதை ஒரு நாள் கணக்கில் எழுதினால் மாத வரைபடமே கோணலாகிவிடும். கைத்தொலைபேசிச் செயலியைப் பார்த்து நிரப்புவதும் வேண்டாம். மேற்கே ஜூரோங்கில் கொட்டும்போது கிழக்கே தெம்பனிஸ் காய்ந்து கிடக்கும் ஊர் இது. வானிலை ஆய்வகத்தின் எண்கள் சரிபார்க்க உதவட்டும்.

மழைமானியைத் தினமும் கவிழ்த்து உலர்த்துங்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும், டெங்கி விஷயத்தில் பள்ளிக்கு விலக்கு கிடையாது. இடி கேட்டால் பிள்ளைகளை வெளியே அனுப்பாதீர்கள். குடுவைத் தண்ணீரை மழை ஓய்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். அட்டவணையில் பிள்ளைகளின் முழுப்பெயரும் வேண்டாம், குழுப்பெயர் போதும்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. வடகிழக்குப் பருவமழை சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டும். அதன் பின்பாதியில் நமக்கு ஆண்டிறுதி விடுமுறை. ஏப்ரல், மே என்றால் அவர்களுக்குக் கோடை விடுமுறை. ஜனவரிதான் என் தேர்வு. இங்கே நாள்கணக்கில் மழை பெய்யக்கூடிய நேரம், அங்கே வானம் தெளிந்திருக்கும். ஒரே பருவக்காற்று இரண்டு ஊரில் இரண்டு விதமாக நடந்துகொள்வது எண்ணிலேயே தெரியும். பொங்கல் விடுமுறை எத்தனை நாள் என்பதை மட்டும் அவர்களிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.