குளிரில் விறைத்துப்போகும் நாய்க்கு நீவிவிடுவது எப்படி?

எங்கள் ஜிம்மிக்கு 12 வயது. தை மாதம் நுவரெலியாப் பக்கம் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் காலையில், இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன் திண்ணையில், படுத்திருப்பவன் எழும்பவே படாத பாடு படுவான். முன்கால் ஊன்றிவிடும், பின்கால் வராது. மிருக வைத்தியர் மூட்டுத் தேய்மானம் என்று மருந்து தந்தார், தினமும் நீவிவிடவும் சொன்னார். நீவினால் தேய்ந்த மூட்டு திரும்ப வளராது. ஆனால் அதைச் சுற்றி இறுகிய தசை தளரும், இரத்த ஓட்டம் கூடும், வலியும் பயமும் கொஞ்சம் தணியும்.

நாய் சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகட்டும். சீமெந்துத் தரையில் வேண்டாம், பழைய கம்பளியை மடித்து விரியுங்கள். தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்த கை சில்லென்று இருக்கும், அடுப்பில் காட்டிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். நமக்குத் தேய்க்கும் கோடாலித் தைலம் மாதிரி எதையும் பூசாதீர்கள். நாய் நக்கிவிடும், கற்பூரமும் யூகலிப்டஸும் அதற்கு நஞ்சு. வெறுங்கை போதும்.

முதலில் உள்ளங்கையைப் பரப்பி வைத்து, கழுத்திலிருந்து வால் வரை, முடி படிந்திருக்கும் பக்கமாகவே மெதுவாக ஐந்தாறு தடவை நீவுங்கள். முதுகெலும்பின் மேல் அழுத்தக் கூடாது, இரண்டு பக்கச் சதையில்தான் கை போக வேண்டும்.

அடுத்தது தோள். பின்கால்தானே வலி, தோளை ஏன் தொட வேண்டும் என்று நானும் கேட்டேன். நாயின் பாரத்தில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்கால்கள்தான் சுமக்கின்றன, பின்கால் வலித்தால் இன்னும் பாரம் முன்னால் சாயும். நமக்கு இருப்பதுபோல் தோளைத் தாங்கக் காறை எலும்பும் அதற்கு இல்லை, முழுக்கத் தசைதான் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதனால் தோள்பட்டையைச் சுற்றி விரல் நுனியால் சின்னச் சின்ன வட்டம் போடுங்கள். ரொட்டி மாவு பிசைகிற அழுத்தம் வேண்டாம், தோல் மட்டும் லேசாக நகர்ந்தால் சரி. ஜிம்மி இந்த இடத்தில்தான் பெருமூச்சு விட்டுக் கண்ணைப் பாதி மூடுவான்.

அப்புறம் பின்தொடை, அதே வட்டம். கடைசியாகப் பாதம், விரலிடுக்கில் அட்டையும் உண்ணியும் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். எல்லாம் சேர்த்து பத்து நிமிடம்.

உதட்டை நக்கினால், தலையைத் திருப்பி உங்கள் கையைப் பார்த்தால், உடம்பை விறைத்தால் உடனே கையை எடுத்துவிடுங்கள். காய்ச்சல், காயம், புதிய வீக்கம், கட்டி, திடீர் நொண்டல் இருந்தால் நீவவே கூடாது, வைத்தியரிடம்தான் போக வேண்டும். வலிக்கிறதே என்று நாம் போடும் பனடோல் (பாரசிட்டமோல்) மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள், ஈரலைக் கெடுத்துவிடும்.

நான் விடியலில், அவன் எழும்புவதற்கு முன்னாலேயே, படுத்த இடத்தில் நீவிவிடுகிறேன். இப்போது இஸ்தோப்புப் படி மூன்றையும் தானாகவே இறங்குகிறான், கடைசிப் படியில் மட்டும் ஒரு கணம் நின்று என்னைப் பார்ப்பான்.