பழைய ஸ்பிரிச்சுவல் ஜாஸ், சோல் ஜாஸ் எல்.பி.க்கள்: தேடுவதும் சரிபார்த்து வாங்குவதும்

ஜாஸ் ஜாம்பவான்கள் மைல்ஸ் டேவிஸ், ஜான் கோல்ட்ரேன் இசைத்தட்டுகள் எந்தக் கடையிலும் கிடைக்கும். இந்தக் கட்டுரை அவர்களுக்குப் பக்கத்தில் நின்று வாசித்த கலைஞர்களைப் பற்றியது. 1960களின் கடைசியிலும் 70களின் முதல் பாதியிலும் நியூயார்க், டெட்ராய்ட், ஓக்லாந்து நகரங்களின் சின்னச் சின்ன கம்பெனிகள் ஆன்மிகத் தேடல் கலந்த ஸ்பிரிச்சுவல் ஜாஸ், தாளம் தூக்கலான சோல் ஜாஸ் எல்.பி.க்களை ஏராளமாக வெளியிட்டன. கொஞ்சமாக அச்சடித்தார்கள், ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் இல்லை. இசை எவ்வளவு நன்றாக இருந்தும் பல தட்டுகள் அப்படியே மறந்துபோயின.

உங்களிடம் டர்ன்டேபிள் இருக்கிறது, அதைச் சரியாகப் பொருத்தவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று: சூட்கேஸ் மாதிரி மூடித் திறக்கும் பிளேயர் என்றால் இந்தத் தட்டுகளை அதில் போடாதீர்கள், அதன் ஊசி அழுத்தம் மிக அதிகம். என் சிபாரிசு ஆடியோ டெக்னிகா வி.எம்.95.இ காட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பாகம்). 2 கிராம் அழுத்தத்தில் ஒழுங்காக ஓடும், ஊசி தேய்ந்தால் ஊசியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இதைவிட விலை கூடியதை வாங்கும் காசுக்கு நான் தட்டு வாங்குவேன்.

படி 1: பின்னட்டையைப் படியுங்கள்

முன்னட்டையில் இருக்கும் பெரிய பெயரை விடுங்கள். பின்னட்டையில் பொடி எழுத்தில் பாஸ் (கனத்த ஒலி தரும் பெரிய தந்திக்கருவி) வாசித்தவர், டிரம்ஸ் வாசித்தவர் பெயர்கள் இருக்கும். அவர்கள்தான் உங்கள் வழிகாட்டிகள்.

ஆலிஸ் கோல்ட்ரேனின் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’வை (இம்பல்ஸ் கம்பெனி, 1971) எடுத்துக்கொள்வோம். தலைப்பில் இருப்பவர் நம்மூர்க்காரர்: கோவைப் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்து, 1969இல் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கிவைத்துப் பேசிய அதே சுவாமி சச்சிதானந்தர். தட்டைப் போட்டதும் தம்பூரா, அதன் மேல் ஒரு பாஸ், பிறகு ஆலிஸின் ஹார்ப். அந்த பாஸ் வாசித்தவர் செசில் மெக்பீ. அவர் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் சார்லஸ் டாலிவரின் ஸ்லக்ஸ் கிளப் நேரடிப் பதிவு வரும், ஃபாரோ சாண்டர்ஸின் ‘இஸிஃபோ ஸாம்’ வரும், மெக்பீ தன் பெயரிலேயே போட்ட ‘முட்டிமா’ (1974) வரும். மூன்றும் ஸ்ட்ராட்டா-ஈஸ்ட் கம்பெனி வெளியீடுகள்.

சோல் ஜாஸ் பக்கம் இதே வேலைக்கு டிரம்மர் இட்ரிஸ் முகமது. சார்லஸ் எர்லாண்டின் ‘பிளாக் டாக்!’, ரஸ்டி பிரயண்டின் ‘சோல் லிபரேஷன்’, கிராண்ட் கிரீனின் ‘அலைவ்!’ எல்லாவற்றிலும் அவர்தான். ஆனால் லூ டொனால்ட்சனின் ‘அலிகேட்டர் போகலூ’ (1967) அட்டையில் அவரைத் தேடினால் கிடைக்க மாட்டார். அப்போது அவர் பெயர் லியோ மாரிஸ். அந்தக் காலத்தில் பெயர் மாற்றிக்கொண்ட கலைஞர்கள் நிறையப் பேர், இரண்டு பெயரிலும் தேடுங்கள். இவரே 1980இல் ஃபாரோ சாண்டர்ஸுடன் ‘ஜர்னி டு த ஒன்’ தட்டிலும் வாசித்தார். இரண்டு வகை ஜாஸையும் தனித்தனி அலமாரியில் வைக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

படி 2: கம்பெனி பெயரைப் பிடியுங்கள்

ஸ்ட்ராட்டா-ஈஸ்ட்டை 1971இல் நியூயார்க்கில் டிரம்பெட் கலைஞர் டாலிவரும் பியானோ கலைஞர் ஸ்டான்லி கவலும் தொடங்கினார்கள். பதிவின் உரிமை வாசித்தவரிடமே இருக்கும் என்பது அவர்கள் ஏற்பாடு. கிளிஃபர்ட் ஜார்டனின் ‘கிளாஸ் பீட் கேம்ஸ்’, பில்லி ஹார்ப்பரின் ‘காப்ரா பிளாக்’ இரண்டையும் முதலில் கேளுங்கள். டெட்ராய்ட்டில் வெண்டல் ஹாரிசனும் ஃபில் ரானலினும் நடத்திய டிரைப், ஓக்லாந்தின் பிளாக் ஜாஸ் ஆகியவையும் உண்டு. பிளாக் ஜாஸில் டக் கார்னின் ‘இன்ஃபன்ட் ஐஸ்’ (1971) போதும், ஜீன் கார்ன் குரலுக்காகவே வாங்கலாம்.

படி 3: கையில் இருப்பது எந்த அச்சு?

பலரும் சிக்குவது இங்கேதான், பொறுமையாகப் படியுங்கள். அட்டையில் 1971 என்று இருப்பதால் தட்டு 1971இல் அச்சானது என்று அர்த்தம் இல்லை. மறுபதிப்பிலும் பழைய ஆண்டைப் போடுவார்கள். முதலில் பார்க்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் எல்.பி. அட்டையில் பார்க்கோடு கிடையாது, இருந்தால் மறுபதிப்பு.

அடுத்து லேபிள், அதாவது தட்டின் நடுவில் ஒட்டிய வட்டக் காகிதம். இம்பல்ஸ் 1971 வெளியீட்டுக்குச் சிவப்பும் கறுப்பும் கலந்த லேபிள், பச்சை லேபிள் பிறகு வந்தது. பிரஸ்டீஜ் கம்பெனியை ஃபேன்டஸி என்ற கம்பெனி 1971இல் வாங்கியது. லேபிளில் நியூஜெர்சியின் பெர்கன்ஃபீல்ட் முகவரி என்றால் அதற்கு முந்தைய காலம், கலிபோர்னியாவின் பெர்க்லி என்றால் பிந்தையது.

கடைசியாக டெட் வாக்ஸ், அதாவது பாட்டு முடிந்த இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவில் உள்ள மொட்டை வளையம். மொபைல் டார்ச்சை நேர் மேலே இருந்து அடித்தால் ஒன்றும் தெரியாது, கூசத்தான் செய்யும். வெளிச்சத்தைத் தட்டோடு தட்டாகப் படுக்க வைத்துப் பக்கவாட்டில் அடித்து, தட்டின் விளிம்பைப் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு கோணத்தில் எழுத்துகள் சட்டென்று தெரியும். ஆலிஸின் தட்டில் ஏ.எஸ்-9203 என்ற எண்ணைத் தேட வேண்டும். பிரஸ்டீஜ், புளூ நோட் தட்டுகளில் ‘வான் கெல்டர்’ என்று ஆங்கில எழுத்தில் குத்திய முத்திரை இருந்தால், பதிவு செய்த ஒலிப்பொறியாளர் ரூடி வான் கெல்டரே அச்சுக்கான மூலத்தையும் வெட்டினார் என்று பொருள். கே.பி.ஜி. என்று கையால் கீறியிருந்தால் கெவின் கிரே வெட்டியது, அதாவது பிற்கால மறுபதிப்பு. அதுவும் நன்றாகவே இருக்கும்.

எதைக் குத்தியிருக்கிறார்கள், எதைக் கையால் கீறியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொண்டு இசைத்தட்டு விவரங்களைத் தொகுக்கும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் அந்த ஆல்பத்தின் எல்லாப் பதிப்புகளோடும் ஒப்பிடுங்கள். தபாலில் வாங்குவதானால் இந்த வளையத்தின் படத்தைக் கேளுங்கள். தர மறுக்கும் ஆளிடம் நான் வாங்குவதில்லை.

படி 4: தரக் குறியீடு

விற்பவர்கள் தட்டின் நிலையைக் குறிக்கப் போடும் வி.ஜி. என்பது ‘வெரி குட்’ என்பதன் சுருக்கம்தான், ஆனால் நடைமுறையில் பொரியும் சத்தம் நிச்சயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்கனும் டிரம்ஸும் முழங்கும் ‘பிளாக் டாக்!’ வி.ஜி.யில் இருந்தாலும் தாங்கும். தம்பூராவும் ஹார்ப்பும் மட்டும் ஒலிக்கும் இடங்களில் ஒவ்வொரு கீறலும் காதைக் குத்தும், அதற்கு, வி.ஜி.க்கு மேல் தரமான வி.ஜி. பிளஸுக்குக் கீழே இறங்காதீர்கள்.

படி 5: கழுவுங்கள்

டிஸ்டில்டு வாட்டர், தட்டு கழுவும் திரவம், மென்மையான பிரஷ். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், காய்ந்ததும் உப்பு பள்ளங்களில் தங்கிவிடும். லேபிளில் ஈரம் படக்கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகு புது உள்ளுறையில் போட்டு நிமிர்த்தி வையுங்கள். பி.வி.சி. வெளியுறை மலிவு என்று வாங்காதீர்கள், நாளாவட்டத்தில் தட்டின் மேல் புகை படிந்த மாதிரி கறையை விட்டுவிடும்.

பின்சேர்க்கை: “டெட் வாக்ஸில் ஒரு எண்ணை அடித்துவிட்டு வேறு எண் கீறியிருக்கிறதே, போலியா?” என்று சிலர் கேட்டிருந்தார்கள். அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். ஒரே மூலத்தை வேறு வரிசை எண்ணில் வெளியிடும்போது பழையதை அடித்துவிட்டுப் புதியதை எழுதுவது உண்டு. சந்தேகப்பட வேண்டியது மங்கலான அட்டை, தொழில்நுட்ப விவரமே இல்லாத லேபிள், எந்தப் பதிப்போடும் பொருந்தாத எண் மூன்றும் சேர்ந்து வந்தால்தான். அசல் பிரதியின் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் ஸ்ட்ராட்டா-ஈஸ்ட்டுக்கு பியூர் பிளஷர், பிளாக் ஜாஸுக்கு ரியல் கான், டிரைபுக்கு நவ்-அகெய்ன் மறுபதிப்புகளைப் பாருங்கள்.