பெப்டைடு ஊசி: பேர் ஒன்று, சரக்கு வேறு வேறு

பெருந்துறையில் இருக்கிற என் சித்தப்பா பையன் ஜிம்மே கதி என்று கிடப்பவன். போன மாதம் அவன் வீட்டு ஃப்ரிட்ஜில் தயிர்ப் போசிக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைப் பார்த்தேன், அடியில் துளி வெள்ளைப் பொடி. பிபிசி-157 (BPC-157) என்கிற பெப்டைடு, தோள்பட்டை வலிக்கு ஊசியாகப் போடுகிறேன் என்றான். "ஏனுங்ண்ணா, இன்சுலினும் பெப்டைடுதானுங்களே, அப்பாரு இத்தனை வருசமா போட்டுக்கறாரு, என்ன ஆயிருச்சு?"

மற்ற எல்லாத் தவறும் இந்தக் கேள்வியில் இருந்துதான் கிளம்புகிறது. பெப்டைடு என்றால் அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி, அவ்வளவுதான். இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள், 1922-ல் இருந்து மனிதருக்குப் போட்டுப் பார்த்த நூறு வருச அனுபவம் அதற்குப் பின்னால் இருக்கிறது. எடை குறைக்கப் பேசப்படுகிற செமாகுளூட்டைடும் பெப்டைடுதான், ஆயிரக்கணக்கான மனிதர்களிடம் சோதித்த பிறகே 2017-ல் அமெரிக்காவில் சர்க்கரை நோய்க்கு அனுமதித்தார்கள். பிபிசி-157-க்கு இருப்பதெல்லாம் பெரும்பாலும் எலிகளில் செய்த ஆய்வுகள். 2022-ல் இருந்து உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப்பட்டியலிலும் இருக்கிறது, போட்டிக்குப் போகிற பசங்கள் இதைக் கவனிக்க வேண்டும். இதே மாதிரி விற்கிற சிஜேசி-1295, இபாமோரெலின் வேறு ரகம், மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டி வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்க வைப்பவை. அந்த ஹார்மோன் ரத்தச் சர்க்கரையை ஏற்றும், வீட்டில் சர்க்கரை நோய் இருக்கிறவர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவே கூடாது. கூடவே விற்கிற எம்கே-677 மாத்திரை பெப்டைடே கிடையாது. முகத்துக்குப் பூசுகிற காப்பர் பெப்டைடு க்ரீம் ஒத்துக்கொண்டது என்பதற்காக அதையே ஊசியாகப் போடுவது சரியாகாது.

அடுத்தது ஊசி. பொடியைக் கரைத்துப் போட இவன் அப்பாருவின் இன்சுலின் டப்பாவில் இருந்தே சிரிஞ்சு எடுத்திருக்கிறான். அது சிவப்பு மூடி போட்ட யு-40, அதாவது ஒரு மில்லிக்கு 40 யூனிட் கோடு. அவன் பார்த்த வீடியோக்காரர் வைத்திருந்தது யு-100, ஒரு மில்லிக்கு 100 யூனிட். யு-100-ல் பத்து யூனிட் என்றால் 0.1 மில்லி, யு-40-ல் அதே பத்து யூனிட் 0.25 மில்லி. அதாவது ஒவ்வொரு தடவையும் நினைத்ததைவிட இரண்டரை மடங்கு உள்ளே போயிருக்கிறது, அவனுக்குத் தெரியவே இல்லை. மைக்ரோகிராமை மில்லிகிராம் என்று படித்தால் ஆயிரம் மடங்கு, சொல்லவே பயமாக இருக்கிறது.

லேபிளைப் படிக்கச் சொன்னேன். ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல என்று பொடி எழுத்தில் இருந்தது. "99 சதம் சுத்தமுங்ண்ணா, சர்டிபிகேட் இருக்குதுங்க" என்றான். சரி, அது அந்தக் குப்பியுடையதே என்று வைத்துக்கொண்டாலும், அந்த எண் பொதுவாகக் காட்டுவது அதில் இருக்கிற பெப்டைடில் எத்தனை சதம் லேபிளில் சொன்ன பெப்டைடு என்பதை மட்டும்தான். கிருமி இருக்கிறதா, கிருமியின் நச்சு இருக்கிறதா என்பது தனிச் சோதனை. அதைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரி இல்லை.

அப்புறம், இரண்டு மூன்றைச் சேர்த்துப் போடுவது. ஒவ்வாமை வந்தால் எதனால் என்று யாருக்கும் தெரியாது.

எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தந்தது, எலும்பு டாக்டரிடம் இரண்டு தடவை போயும் இவன் ஊசியைப் பற்றி மூச்சு விடவில்லை என்பதுதான். மூன்றாவது தடவை குப்பியையும் சிரிஞ்சையும் எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். டாக்டர் திட்டவில்லை. எப்போது ஆரம்பித்தாய், எத்தனை கோடு என்று கேட்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு, ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார்.