பழைய எக்ஸ்ரே ஃபிலிம் பிராசசரைப் பிரித்துச் சேர்ப்பது எப்படி?

எக்ஸ்ரே கூடங்கள் டிஜிட்டலுக்கு மாறியதும், ஃபிலிமைத் தானாகக் கழுவி உலர்த்தித் தரும் ரோலர் வைத்த பிராசசர்கள் காயலான் கடைக்கு வந்து சேர்ந்தன. பெரிய அளவுக் கேமராவில் எக்ஸ்ரே ஃபிலிம் போட்டுப் படம் எடுப்பவர்களுக்கு இது யோகம்தான். மேசைமேல் வைக்கும் சிறிய பிராசசர் ஒன்று கையில் கிடைத்தால், அதைப் பிரித்து, துலக்கி, மறுபடி ஓடவைக்கும் வழியைச் சொல்கிறேன். புதிதாக இறங்குகிறவர்கள் முதலில் மின்சுற்றைத்தான் நோண்டுவார்கள். அது இரண்டாம்பட்சம். இந்த இயந்திரத்தின் உயிர் ரோலர்களில் இருக்கிறது. நோயும் பெரும்பாலும் அங்கேதான்.

1956-ல் கோடாக் நிறுவனம் எக்ஸ்-ஓமாட் என்ற பெயரில் ரோலர் பிராசசரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நீளம் ஏறக்குறைய மூன்று மீட்டர், எடை முக்கால் டன்னுக்குப் பக்கம். 1965-ல் வந்த மாடல் 90 வினாடியில் உலர்ந்த படத்தைத் தந்தது: படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனமான டெவலப்பரில் சுமார் 22 வினாடி, அதை நிலைக்கவைக்கும் ஃபிக்சரில் 22, தண்ணீரில் 20, உலர்த்தியில் 26. பின்னால் வந்த சிறிய மாடல்களும் இதே தடத்தில்தான் ஓடுகின்றன. ஒவ்வொரு தொட்டிக்குள்ளும் ரேக் என்ற ஒரு சட்டம். அதில் மேலிருந்து கீழாக ஓர் அங்குல விட்டமுள்ள ரோலர்கள். ஃபிலிம் கீழே இறங்கி, அடியில் இருக்கும் பெரிய ரோலரைச் சுற்றி மேலே ஏறும். அடுத்த தொட்டிக்கு அதைத் தாண்டவைக்கும் ரோலர் கூட்டம் கிராஸ்ஓவர். வளைவுகளில் ஃபிலிமைத் திருப்பிவிடும் தகடு கைடு ஷூ. இந்த மூன்று பெயர்களும் போதும்.

படி 1: வாங்கும்போது பார்க்க வேண்டியவை

ரேக்குகளும் கிராஸ்ஓவர்களும் முழுதாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். மோட்டாரும் பம்பும் எங்கும் கிடைக்கும், ரேக் கிடைக்காது. பெயர்ப் பலகையில் எத்தனை வோல்ட் என்றும் படித்துவிடுங்கள். அமெரிக்காவுக்காகச் செய்ததை 230 வோல்ட்டில் சொருகினால் கதை அங்கேயே முடியும்.

படி 2: பிரிப்பது

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள். உள்ளே காய்ந்து உப்புப் பூத்திருக்கும் ரசாயனத்தை அப்படியே சுரண்டினால் தூசு மூக்கில் ஏறும். முதலில் தண்ணீர் தெளித்து ஊறவிடுங்கள். கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல் மூன்றும் கட்டாயம். ஒவ்வொரு ரேக்கிலும் எந்தத் தொட்டி, எந்தப் பக்கம் முன் என்று குறித்து, கியர் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: ரோலர்கள்

இங்கே அவசரம் கூடாது. ரேக்கை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, மென்மையான ஸ்பாஞ்சால் தேய்க்க வேண்டும். இரும்பு நார் பட்டால் ரோலரில் கீறல் விழும். அந்தக் கீறல் பிறகு ஒவ்வொரு படத்திலும் தெரியும். தண்ணீர்த் தொட்டியில் படிந்த சுண்ணாம்புக்கு நீர்த்த சிட்ரிக் அமிலம் போதும். பாசியைப் பார்த்ததும் பிளீச்சிங் கரைசலை ஊற்றாதீர்கள்; ஃபிக்சரின் அமிலமோ சிட்ரிக் அமிலமோ மிச்சம் இருந்தால் இரண்டும் கலந்து குளோரின் வாயு கிளம்பும்.

துலக்கிய பிறகு ஒவ்வொரு ரோலரையும் விரலால் சுற்றுங்கள். தடங்கல் இல்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. ஆடினால் முனையைத் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்திருக்கிறது. அசல் உதிரி கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் அசிட்டால் பிளாஸ்டிக்கில் கடைந்து வாங்கலாம். பட்டறைக்காரர் நல்லெண்ணத்தில் பித்தளையில் செய்து தருகிறேன் என்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செம்பு கலந்த எதுவும் டெவலப்பரைக் கெடுக்கும். திருகாணி மாற்றுவதாக இருந்தால் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு. ரசாயனம் படும் இடத்தில் எண்ணெயோ கிரீஸோ ஒரு துளிகூடக் கூடாது.

அடுத்து, ரேக்கைச் சமதளமான மேசையில் நிறுத்தி, மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக வராவிட்டால் ரேக் கோணியிருக்கிறது. ஃபிலிம் ஒரு பக்கமாக நகர்ந்து நகர்ந்து கடைசியில் சிக்கிக்கொள்ளும். குறுக்குக் கம்பிகளின் திருகாணிகளைத் தளர்த்தி, நேராக்கி, மறுபடி இறுக்குங்கள்.

படி 4: சங்கிலி, பம்ப், ஹீட்டர்

சங்கிலி தொய்வாக இருந்தால் இறுக்குங்கள். பல் உடைந்த கியரை மாற்றுங்கள். டெவலப்பரைச் சுழலவைக்கும் பம்பின் ஃபில்டரைப் புதிதாகப் போடுங்கள். ஹீட்டரைத் தொட்டி காலியாக இருக்கும்போது ஓட்டவே கூடாது, எரிந்துபோகும். ஹீட்டரின் மின்காப்பு, எர்த், அதிகச் சூட்டில் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மோஸ்டாட் ஆகியவற்றைத் தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதியுங்கள். மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் பிரேக்கர் இல்லாத இணைப்பில் இந்த இயந்திரத்தை மாட்டாதீர்கள். தண்ணீரும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன.

படி 5: வெறும் தண்ணீரில் ஓட்டம்

எல்லாத் தொட்டியிலும் தண்ணீர் நிரப்பி நெடுநேரம் ஓட விடுங்கள். கசிவு இருந்தால் சூடேறிய பிறகுதான் காட்டிக்கொடுக்கும். டெவலப்பர் தொட்டி 35 டிகிரி செல்சியஸுக்கு வந்து அங்கேயே நிற்கிறதா என்று டிஜிட்டல் வெப்பமானியால் பாருங்கள். பாதரச வெப்பமானி வேண்டாம்; உடைந்தால் தொட்டியைச் சுத்தம் செய்ய முடியாது. பிறகு வீணான பழைய ஃபிலிம் ஒன்றை விட்டு, நுனி நுழைவதிலிருந்து வெளிவருவது வரை நேரம் பிடியுங்கள். உங்கள் மாடலுக்குரிய நேரம் வர வேண்டும்.

படி 6: ரசாயனம்

முதலில் ஃபிக்சரை ஊற்றுங்கள், பிறகுதான் டெவலப்பரை. ஃபிக்சர் சொட்டு டெவலப்பரில் விழுந்தால் அம்மோனியா நெடி வீசும், படம் மங்கும். டெவலப்பரைக் கொட்டுவது தவிர வழியில்லை. முதலில் ஃபிக்சரை ஊற்றினால், பக்கத்துத் தொட்டியில் தெறித்ததைக் கழுவிவிடலாம். புது டெவலப்பரில், அதன் வேகத்தைத் தணிக்கும் ஸ்டார்ட்டர் என்ற கரைசலைப் பாட்டில் சொல்லும் அளவுக்குச் சேர்க்க வேண்டும். ஓட ஓடத் தீரும் ரசாயனத்தை ஈடுகட்டி நிரப்பும் பம்பைப் பொறுத்தவரை, 14 அங்குல ஃபிலிம் ஒன்றுக்கு டெவலப்பர் 60 முதல் 70 மில்லி, ஃபிக்சர் 100 முதல் 110 மில்லி என்பது வழக்கமான அளவு.

கையால் ஃபிலிம் கழுவுவதற்கான டெவலப்பரை இதில் ஊற்றலாமா என்று கேட்பார்கள். கூடாது. ரோலர் பிராசசருக்கான டெவலப்பரில் ஃபிலிமின் ஜெலட்டினை இறுக்கும் குளூட்டரால்டிஹைடு இருக்கிறது. அது இல்லாவிட்டால் 35 டிகிரியில் ஜெலட்டின் ஊதி, ரோலர்களில் தோசை மாவு போல ஒட்டிக்கொள்ளும்.

படி 7: படத்தைப் படிப்பது

சீராக ஒளி காட்டிய ஃபிலிமை இருட்டறையில் விட்டு எடுங்கள். வெளியே வந்ததை வெளிச்சப் பலகையில் வைத்து, ஸ்கேலை எடுங்கள். ஃபிலிம் போன திசைக்குக் குறுக்காக ஒரே மாதிரிக் கோடுகள் 3.14 அங்குலத்துக்கு, அதாவது சுமார் 8 சென்டிமீட்டருக்கு, ஒருமுறை வருகின்றனவா? ஓர் அங்குல ரோலர் ஒன்றில் அழுக்கோ கீறலோ இருக்கிறது. அதன் சுற்றளவுதான் அந்த இடைவெளி. அடியில் இருக்கும் பெரிய ரோலர் மூன்று அங்குல விட்டம் என்றால், அதன் கோடு 24 சென்டிமீட்டருக்கு ஒருமுறை வரும். சில மில்லிமீட்டர் இடைவெளியில் நெருக்கமான குறுக்குக் கோடுகள் வந்தால் சங்கிலியோ கியரோ குதிக்கிறது. போன திசையிலேயே நீளக் கோடு விழுந்தால் கைடு ஷூ உரசுகிறது.

ஃபிலிம் ஈரமாகப் பிசுபிசுத்து வெளியே வந்தால் உலர்த்தியின் சூட்டை ஏற்றத் தோன்றும். முதலில் டெவலப்பரையும் ஃபிக்சரையும் பாருங்கள். இறுக்கும் சக்தி தீர்ந்துவிட்டால் ஜெலட்டின் தண்ணீரைக் குடித்து வரும். எவ்வளவு சூடு காட்டினாலும் காயாது.

நாள் முடிந்ததும் கிராஸ்ஓவர்களைக் கழற்றிக் கழுவி, மூடியைச் சற்றே திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் ஆவி குளிர்ந்து டெவலப்பரில் சொட்டும். மறுநாள் முதல் ஃபிலிம் பழையதாக இருக்கட்டும். ரோலரில் காய்ந்த மிச்சத்தை அது துடைத்துக்கொண்டு போகும். தீர்ந்த ஃபிக்சரைச் சாக்கடையில் விடாதீர்கள். அதில் வெள்ளி கரைந்திருக்கிறது. தனி கேனில் சேர்த்து, வெள்ளி பிரித்தெடுப்பவர்களிடம் கொடுங்கள்.