விற்கப் போகிற வீட்டில் குளியலறையை உடைக்கலாமா?

போன மாதம் கோலாலம்பூர்ச் செந்தூலில் மாடி வீடு ஒன்றைப் பார்க்கப் போனேன். வீட்டுக்காரத் தம்பதிக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். மேல்மாடிக் குளியலறையில் டைல்ஸ் எல்லாம் பெயர்த்து, சாக்கு சாக்காகக் கட்டி வைத்திருந்தார்கள். "பாத்ரூம் முடிய 28,000 வெள்ளி ஆகும்ணே. விலையில ஒரு 35,000 ஏத்திடலாம்தானே?" என்றார் அந்தத் தம்பி.

பதினொரு வருடத்துக்கு முன்னால் நானும் இதைத்தான் கேட்டேன். இன்றைக்கு மாதிரி வீடு விற்றுத்தரும் ஏஜென்டாக இல்லை, வீட்டுக்காரனாக. கழிப்பறையைக் கழுவி வைப்பது, நாற்றம் போக்குவது பற்றியெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றதைச் சொல்கிறேன்.

போட்ட காசை விலையில் ஏற்றுவது

ஸ்தாப்பாக்கில் இருந்த என் வீட்டை விற்கும் முன் இரண்டு குளியலறைக்கும் சேர்த்து 30,000 வெள்ளி கொட்டினேன். கறுப்பு டைல்ஸ், கண்ணாடித் தடுப்பு, தலைக்கு மேலிருந்து மழை மாதிரி ஊற்றும் ஷவர். எங்கள் வரிசையில் அதே அளவு வீடுகள் 490,000 சுமாருக்குப் போய்க்கொண்டிருந்தன. நான் 520,000 என்றேன். ஆளும் கிடைத்தார். குளியலறையைப் பார்த்ததும் அவர் மனைவிக்கு வாயெல்லாம் பல். முன்பணம் வாங்கிக்கொண்டு நானும் மிதந்தேன்.

அப்புறம் அவருடைய வங்கியிலிருந்து மதிப்பீட்டாளர் வந்தார். குளியலறை வாசலில் நின்று ஒரு படம் எடுத்தார். அவ்வளவுதான். மதிப்பு 490,000 என்று வந்தது.

மதிப்பீட்டாளர் நம் ரசீதுகளைக் கூட்டிப் பார்ப்பதில்லை. அதே தாமானில், அதாவது அதே குடியிருப்புப் பகுதியில், அண்மையில் பதிவான விற்பனைகளை எடுத்து வைத்துக்கொண்டு, நில அளவு என்ன, மூலை வீடா நடு வீடா, நிரந்தர உரிமையா குத்தகை நிலமா என்று ஒப்பிடுகிறார். வீட்டின் நிலையையும் பார்க்கத்தான் செய்வார். ஆனால் ஒழுங்காக இருக்கும் சாதாரணக் குளியலறைக்கும் என் கறுப்பு டைல்ஸுக்கும் அவர் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. வங்கியோ விலை, மதிப்பு இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான் கடன் தரும். 490,000இல் 90 விழுக்காடு என்றால் 441,000. விலையில் பத்து விழுக்காடு, 52,000 போட்டால் போதும் என்று வந்த மனிதர் இப்போது 79,000 புரட்ட வேண்டும். வக்கீல் செலவும் முத்திரை வரியும் தனி. என் ஷவருக்காக அவர் 27,000 வெள்ளியை யாரிடம் கைமாற்று வாங்குவார்?

வேறு வங்கி பார்க்கலாம் என்று இரண்டு மாதம் இழுத்தோம். அங்கேயும் அதே கதை. அவர் விலகிக்கொண்டார். அதற்குள் நான் புது வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தேன். இரண்டு வீட்டுக்கும் தவணை கட்ட முடியாமல் 485,000க்குத் தள்ளிவிட்டேன். அந்த மாதங்களில் கட்டிய வட்டியை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. வாங்கியவர் குடிவந்ததும் முதல் வேலையாகக் கண்ணாடித் தடுப்பைக் கழற்றினாராம். வயதான அம்மாவுக்கு வாளி வைக்க இடமும் தாழ்வாக ஒரு குழாயும் வேண்டும் அல்லவா!

சுத்தியலைத் தூக்கும் முன் உங்கள் ஏஜென்டிடம் சொல்லி, இரண்டு மதிப்பீட்டாளர்களிடம் வாய்மொழியாக ஒரு மதிப்பு கேட்டு வாங்குங்கள். ஒரு போன் போட்டால் முடிகிற வேலை. அந்த மதிப்புக்கு மேல் நீங்கள் விலையில் வைக்கும் ஒவ்வொரு வெள்ளியும் வாங்குபவர் சொந்தப் பையிலிருந்து வர வேண்டும்.

கையே வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அடியில் உளுத்துப்போன கதவு, கறுத்துப்போன சிலிக்கான், சொட்டும் குழாய், மங்கல் விளக்கு. இரண்டு மூன்றாயிரத்தில் இவை சரியாகிவிடும். விலை ஏறாது, ஆனால் வீடு சீக்கிரம் போகும். உளுத்த கதவைக் காட்டி 20,000 குறைக்கச் சொல்பவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன்.

ஒழுகும் தரைக்கு மேலேயே டைல்ஸ் ஒட்டுவது

பழைய டைல்ஸ் மேல் புதியதை ஒட்டினால் மலிவு, இரண்டு நாளில் முடியும், படத்திலும் அழகு. அடியில் நீர்த்தடுப்புப் பூச்சு செத்துப்போயிருந்தால் கசிவு அப்படியே இருக்கும். போதாததற்குத் தரை உயர்ந்து தண்ணீர் படுக்கையறைப் பக்கம் ஓடும். அடுக்குமாடி என்றால் இன்னும் வம்பு. கீழ்வீட்டுச் சீலிங் ஒழுகினால், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை மேல்வீட்டிலிருந்துதான் கசிகிறது என்றே 2015ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாக விதிமுறைகள் எடுத்துக்கொள்கின்றன.

கசிவு இருந்தால் மட்டும் உடையுங்கள். கான்கிரீட் வரை எடுத்து, பூச்சு போட்டு, 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிக் கீழே போய்ப் பாருங்கள். அதற்குப் பிறகு டைல்ஸ்.

குந்து கழிப்பறை

மாற்றிவிடுங்கள்.

குளியல் தொட்டி

வேண்டாம்.

ஈசானிய மூலை

நம்மவர்களில் சிலர் திசைகாட்டியோடு வருவார்கள். கழிப்பறை வடகிழக்கில் இருந்தால் எந்த டைல்ஸும் அவர்களை மடக்காது. அடுத்தவரைப் பாருங்கள்.

ரசீதைத் தொலைப்பது

மலேசியக் குடிமக்கள் வாங்கிய மூன்று வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு வரி. நான்காம் வருடம் 20, ஐந்தாம் வருடம் 15, ஆறாம் வருடத்திலிருந்து இல்லை. வீட்டின் மதிப்பைக் கூட்டச் செய்த செலவை லாபத்திலிருந்து கழிக்கலாம், ரசீது இருந்தால். சிட்டைத் தாளில் தொகையைக் கிறுக்கி ரொக்கமாக வாங்கிப் போன கொத்தனாரை அப்புறம் தேட முடியாது.

செந்தூல் தம்பிக்கு இடிக்காதே என்று சொல்ல நேரம் தாண்டிவிட்டது. வெள்ளை டைல்ஸ், நல்ல பூச்சு, சாதாரண ஷவர், அத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னேன். கணவன் மனைவி இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "கறுப்பு டைல்ஸுக்குப் பாதிப் பணம் கட்டிட்டோமேண்ணே" என்றது அந்தத் தங்கச்சி. கடைக்காரர் மாற்றித் தருவாரா என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன்.