காட்டில் ரெக்கார்டர் வைப்பவர்கள் விடும் தவறுகள்

காட்டில் என்னென்ன உயிரினங்கள் இருக்கின்றன, மனித இடையூறு எவ்வளவு என்று ஒலியை வைத்து அறியத்தான் அங்கே ரெக்கார்டர் வைக்கிறோம். பேட்டரி தீர்ந்தது, மெமரி கார்டு நிரம்பியது மாதிரியான சங்கதிகளை இங்கே சொல்லப்போவதில்லை. ஒருமுறை பட்டால் யாரும் அவற்றை மறக்க மாட்டார்கள். பட்டதே தெரியாத தவறுகள்தான் மோசம். கோப்பு ஒழுங்காகத் திறக்கும், வரைபடம் அழகாக வரும், முடிவு மட்டும் தப்பாக இருக்கும். புதிதாக வருகிறவர்கள் வரிசையாக வந்து அதே இடத்தில்தான் விழுகிறார்கள்.

எண்ணை நம்பி, பதிவைக் கேட்காமல் விடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. மாதக்கணக்கான பதிவை உட்கார்ந்து கேட்க முடியாது என்பதால்தான் ஒலிக் குறியீட்டெண்கள் வந்தன. கோப்பைக் கொடுத்தால் ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணையே பல்லுயிர் வளம் என்று எழுதிவிடுகிறார்கள்.

அதிகம் புழங்கும் என்டிஎஸ்ஐ (NDSI) என்ற குறியீட்டெண்ணை எடுத்துக்கொள்வோம். வழக்கமான அமைப்பில் 1 முதல் 2 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலி மனிதர்களுடையது, 2 முதல் 8 வரை உயிரினங்களுடையது என்று வைத்துக்கொண்டு, இரண்டையும் ஒப்பிட்டு -1க்கும் +1க்கும் இடையில் ஓர் எண் தரும். உயிரினப் பக்கம் ஓங்கினால் எண் உயரும். உயிரினங்கள் இந்த எல்லையைப் பார்த்தா கத்துகின்றன? 2 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே கத்தும் தவளை மனிதக் கணக்கில் ஏறிவிடும். செம்போத்து, புறா, பெரிய ஆந்தைகள் 1க்கும் கீழே. எந்தக் கணக்கிலும் வராது. லாரி எஞ்சினின் உறுமலும் பெரும்பகுதி அங்கேதான், அதுவும் தப்பித்துவிடும்.

புதிதாகச் சேர்ந்த ஒருவர் வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்தார். உள்காட்டைவிடச் சாலையோரப் புதர்க்காட்டின் எண் உயர்ந்து நின்றது. "இடையூறு இருந்தும் வளம் குறையவில்லை" என்று அறிக்கையும் அனுப்பியாகிவிட்டது. ஹெட்போனை மாட்டிக் கேட்டால், முழுக்கச் சில்வண்டு. ஸ்பெக்ட்ரோகிராமில், அதாவது ஒலியை அதிர்வெண் வாரியாகக் காட்டும் படத்தில், 5 கிலோஹெர்ட்ஸை ஒட்டி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை கெட்டியாக ஒரே பட்டை. அடியில் லாரிகள் மங்கலான கறையாகத் தெரிந்தன. பூச்சிக் கூட்டம் ஒன்று மூச்சுவிடாமல் கத்தியதற்குக் கிடைத்த மதிப்பெண் அது. அறிக்கையைத் திரும்ப வாங்கி, அந்தப் பருவத்துக் கோப்புகள் அத்தனையையும் முதலிலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று.

எண் போடுவதற்கு முன்பே, ஒவ்வோர் இடத்திலும் விடியல், நண்பகல், அந்தி, நள்ளிரவு என்று குலுக்கல் முறையில் கோப்புகளை எடுத்து ஒவ்வொன்றையும் ஒரு நிமிடமாவது கேளுங்கள். மழை, காற்று, சில்வண்டு உள்ளவற்றைக் குறித்துத் தனியே பிரித்து வையுங்கள். துப்பாக்கி வெடிப்பது ஒரு நொடிகூட இல்லை. ஒரு மணி நேரச் சராசரியில் அது இருந்த தடமே தெரியாது. வேட்டையையும் மரவெட்டையும் பிடிக்க வேண்டுமென்றால் அந்த ஒலிகளைத் தனியாகத்தான் தேட வேண்டும்.

"சத்தமான இடத்தில் பறவை குறைவு"

குறைவாகவும் இருக்கலாம், மைக்குக்குக் கேட்காமலும் போயிருக்கலாம். அமைதியில் வெகுதொலைவுக் குரலையும் பிடிக்கும் கருவிக்கு, வண்டிச் சத்தத்தில் அந்த எல்லை சுருங்கிவிடும். தெரிந்த குரலொன்றைப் பல தொலைவுகளில் ஒலிக்கவிட்டு, எதுவரை பதிவாகிறது என்று இரண்டு நிலையிலும் பாருங்கள். அப்புறம் ஒப்பிடலாம்.

பேர்ட்நெட் சொன்னால் சரி

பேர்ட்நெட் என்பது குரலை வைத்துப் பறவையை அடையாளம் சொல்லும் மென்பொருள். ஒவ்வோர் அடையாளத்துக்கும் அது தரும் மதிப்பெண் 0.8 என்றால், நூற்றுக்கு எண்பது சரி என்று பொருளல்ல. ஒரே மதிப்பெண் ஓர் இனத்துக்கு நம்பகமாகவும் இன்னொன்றுக்குக் குப்பையாகவும் இருக்கும். இனவாரியாகக் கொஞ்சம் கையால் சரிபார்த்து, எந்த மதிப்பெண்ணுக்கு மேல் ஏற்பது என்ற வெட்டுப்புள்ளியை நீங்களே வையுங்கள்.

நடுவில் கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) மாற்றுவது

மாற்றாதீர்கள்.

எம்பி3

வேண்டாம். வேவ் அல்லது ஃப்ளாக் கோப்பாகப் பதியுங்கள்.

வௌவாலுக்கு 48 கிலோஹெர்ட்ஸ்

இது பதிவு வேகம், நொடிக்கு 48,000 முறை ஒலியை அளப்பது. அந்த வேகத்தில் 24 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் பதிவாகும். பெரும்பாலான வௌவால்கள் அதற்கு மேலே. 384 வையுங்கள், கார்டு எட்டு மடங்கு வேகமாக நிரம்பும், அதற்கேற்ப நேர அட்டவணையைச் சுருக்குங்கள்.

மனிதர்களின் பேச்சு

இடையூறைப் பதியப் போகும் கருவி, அந்த வழியாக விறகு பொறுக்கப் போகிறவர்களின் வீட்டுக் கதையையும் பதியும். கருவி இருப்பதை அங்கே நடமாடுகிறவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பேச்சுள்ள துண்டுகளைப் பகிரும் முன் நீக்கிவிடுங்கள். "ஆள் நடமாட்டம், இத்தனை மணி" என்ற குறிப்பு மட்டும் போதும்.