லூபஸ் நோயாளிகளுக்கு இடுப்பு எலும்புச் சிதைவு: அறுவைச் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடலின் எதிர்ப்பாற்றல் தன் உறுப்புகளையே தாக்கும் லூபஸ் நோய் உள்ளவர்களுக்குத் தொடை எலும்பின் தலைப்பகுதி இரத்த ஓட்டம் குன்றிச் சிதைவதற்கு, நோயை அடக்க அதிக அளவில் தரப்படும் ஸ்டீராய்டே பெரும்பாலும் முதன்மைக் காரணம். இதனால் தொடை இடுக்கில் எழும் வலி சிலருக்கு முழங்காலில் உணரப்படுவதால், முழங்காலுக்கு மட்டும் சிகிச்சை பெற்று மாதங்களை இழப்பவர்கள் உண்டு. தொடக்கக் கட்டத்தில் எக்ஸ்ரே இயல்பாகவே இருக்கும். அதை நம்பி எண்ணெய் தடவி நீவிக்கொண்டிருக்காமல் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். மறுபக்க இடுப்பும் பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் இரண்டையும் பார்ப்பது நல்லது.

காலம் இங்கே மிக முக்கியம். எலும்பின் தலை உருக்குலையாத நிலையில், அதில் துளையிட்டு உள்ளழுத்தத்தைக் குறைக்கும் சிறிய அறுவைச் சிகிச்சை பலருக்கு மூட்டைக் காக்கக்கூடும். தலை அமுங்கிய பிறகு அதனால் பயன் குறைவு. பொதுவாகச் செயற்கை மூட்டே தீர்வு. "முப்பது வயதுகூட ஆகவில்லையே" என்று தயங்கி, நடக்க முடியாத நிலை வரை வலியோடு காத்திருப்பதும் தவறு. இளவயதினருக்குப் பிற்காலத்தில் மறு அறுவை தேவைப்படலாம் என்பது உண்மைதான். ஆயினும், வேலைக்கும் வீட்டுக்கும் உரிய ஆண்டுகளைக் கட்டிலில் கழிப்பது அதைவிடப் பெரிய இழப்பு என்றே நான் கருதுகிறேன்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, எலும்பைக் கெடுத்த மாத்திரை என்று கோபித்து ஸ்டீராய்டைத் தாமாகவே நிறுத்துவது. நெடுநாள் உட்கொண்டவர்களின் உடல் தனக்குத் தேவையான இயற்கை ஸ்டீராய்டைச் சுரக்க இயலாத நிலையில் இருக்கும். திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே கேடு வரலாம், லூபஸும் சீறி எழலாம். லூபஸுக்குத் தரப்படும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையை அறுவையின்போதும் பொதுவாகத் தொடரலாம். எதிர்ப்பாற்றலை அடக்கும் அசாதயோப்ரின், மைக்கோஃபினோலேட் போன்ற மருந்துகளைச் சில நாள் நிறுத்துவதா தொடர்வதா என்பது, சிறுநீரகம் போன்ற உறுப்புகளை நோய் எவ்வளவு தாக்கியுள்ளது என்பதைப் பொறுத்தது.

சென்னையில் லூபஸுக்கு ஒரு மருத்துவமனை, எலும்புக்கு வேறொன்று என்று போவது வழக்கம். அப்போது லூபஸைக் கவனிக்கும் வாதநோய் மருத்துவரின் குறிப்பும் மருந்துப் பட்டியலும் அறுவை மருத்துவரிடம் சேராமல் போய்விடுகின்றன. சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இரு துறைகளும் ஒரே வளாகத்தில் இருப்பது பெரிய வசதி. எங்கே சென்றாலும், இரத்தம் எளிதில் உறையச் செய்யும் ஆன்டிஃபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்கள் உள்ளனவா என்பதை முன்பே அறிந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் காலிலும் நுரையீரலிலும் இரத்தக்கட்டி ஏற்படும் அபாயத்துக்கு உரிய முன்னேற்பாடு இல்லாமல் போகும்.

அறுவைக்குப் பின் காய்ச்சல் இல்லையே என்று புண்ணில் கசியும் நீரை அலட்சியம் செய்யக்கூடாது. ஸ்டீராய்டு காய்ச்சலை மறைத்துவிடும். ஆகவே கசிவோ சிவப்போ கூடும் வலியோ கண்ட அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.